ஸ்டாண்டு எடுங்க... ஸ்டாண்டு!

போன வாரம் விருத்தாசலத்துல வேலைய முடிச்சிட்டு கம்மாபுரம் திரும்பிக்கிட்டு இருந்தேன். எதிர்ல பைக்ல வந்த ஒரு பையன், ஹேண்டில்பார்ல இருந்து ஒரு கைய எடுத்து, தன் காலுக்குப் பக்கத்துல விரல மேலயும் கீழயும் ரெண்டு தடவ ஆட்டிட்டுப் போய்க்கிட்டே இருந்தான். யாருன்னே தெரியாது. ஆனா என்ன சொல்றான்னு அரை நொடியில புரிஞ்சிடுச்சு. குனிஞ்சு பார்த்தா, சைடு ஸ்டாண்டு நீட்டிக்கிட்டு நிக்குது.

எடுத்து விட்டுட்டு வீடு வந்து சேர்ந்தேன். ஆனா மனசு மட்டும் அங்கயே நின்னுடுச்சு. எங்க சித்தப்பாவுக்கு நடந்தது ஞாபகம் வந்துடுச்சு. அதைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்த ஸ்டாண்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கொஞ்சம் பார்த்துடலாம். "ஸ்டாண்டுக்கெல்லாம் ஒரு வரலாறா, வேற வேலையே இல்லையா உனக்கு"ன்னு நீங்க கேக்கறது காதுல விழுது. இருக்குதுங்க. கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு சின்ன கணக்கு. மாட்டு வண்டிய அவுத்து விட்டா நுகத்தடி மண்ணுல சாஞ்சுக்கும். ரெண்டு சக்கரம், ஒரு நுகத்தடி, ஆக மூணு இடம் தரையத் தொடுது. முக்காலி எந்த மேடு பள்ளத்துலயும் ஆடாம நிக்கறதும் இதே கணக்குதான். சைக்கிளுக்கு தரையைத் தொடுற இடம் ரெண்டே ரெண்டு. ரெண்டு புள்ளிக்கு நடுவுல ஒரு கோடுதான் போட முடியும். கோட்டு மேல எதை நிறுத்தினாலும் ஏதாவது ஒரு பக்கம் சாயத்தான் செய்யும். ஓடும்போது ஹேண்டிலத் திருப்பித் திருப்பி சமாளிச்சிடறோம். நின்னா மூணாவது காலுக்கு ஒரு சுவரோ, புளியமரமோ, நம்ம தொடையோ வேணும். ஸ்டாண்டுங்கறது அந்த மூணாவது காலு. அவ்வளவுதான் விஷயம்.

ஜெர்மனியில கார்ல் ட்ராய்ஸ்ங்கறவர் காலால தரைய உந்தித் தள்ளுற ரெண்டு சக்கர வண்டிய ஓட்டிக் காட்டினது 1817ல. அதுல பெடல் கிடையாது. 1860கள்ல பிரான்சுல முன் சக்கரத்துல பெடல் வச்ச வண்டி வந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் சைக்கிள் கனமான சாமான் ஆச்சு, நிறுத்தி வைக்கிறது ஒரு பிரச்னையும் ஆச்சு. 1869ல பெரூயேங்கற பிரெஞ்சுக்காரர் சைக்கிளுக்கு ஒரு ஸ்டாண்டு வடிவமைச்சார். முதல் ஸ்டாண்டுன்னு அவர் பேரத்தான் சொல்றாங்க. ஆனா அத இப்ப பார்த்தா நமக்கு அடையாளம் தெரியாது. ஹேண்டில்பாருக்குக் கீழேர்ந்து தொங்குற நீளமான குச்சி அது. கம்பு ஊன்றி நிக்கற பெரியவர் மாதிரி சைக்கிள் நிக்கும்.

1885ல டைம்லரும் மைபாக்கும் பெட்ரோல் எஞ்சின் வச்சு மரச்சட்டத்துல ஒரு வண்டி செஞ்சாங்க. மோட்டார் சைக்கிளோட தாத்தா அது. அதுக்கு ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு குட்டிச் சக்கரம். குழந்தைங்க சைக்கிள்ல பின்னாடி ரெண்டு சின்ன வீல் இருக்குமே, அதே மாதிரி. ஆக உலகத்தோட முதல் மோட்டார் சைக்கிளே தனியா நிக்கத் தெரியாத பிள்ளைதான் :-)

பெடலுக்குப் பக்கத்துல பொருத்தி, காலால தட்டினா இறங்குற ஸ்டாண்ட 1926ல எல்டன் ஹெண்டர்சன்ங்கறவர் வடிவமைச்சார். அதையே இன்னும் சின்னதா, கைக்கு அடக்கமா 1930கள்ல செஞ்சவர் ஜோசப் பால் ட்ரீன். (இவரோட பையன் பின்னாடி லூசியானா மாநில கவர்னர் ஆனாருங்கறது உபரித் தகவல்.) 1946ல அமெரிக்காவோட ஷ்வின் கம்பெனி சட்டத்தோடயே சேர்த்து ஸ்டாண்ட வச்ச சைக்கிள கொண்டு வந்தாங்க. அங்க பசங்க விளையாட்டா ஓட்டற வண்டிக்கு ஒத்தக்கால் போதும்.

நம்ம ஊர் கதை வேற. இங்க சைக்கிள் விளையாட்டுச் சாமான் கிடையாது. அது பாரவண்டி.

முருகப்பா குழுமமும் இங்கிலாந்தோட டியூப் இன்வெஸ்ட்மெண்ட்சும் சேர்ந்து 1949ல ஆரம்பிச்சதுதான் நம்ம டிஐ சைக்கிள்ஸ். அம்பத்தூர் தொழிற்சாலையில இருந்து வந்த ஹெர்குலஸ், பிஎஸ்ஏ, பிலிப்ஸ் எல்லாம் தமிழ்நாட்டு வீடுங்க பலதுல குடும்ப உறுப்பினர் மாதிரி. வடக்க சோனிப்பட்ல அட்லஸ் 1951லயும், லூதியானாவுல ஹீரோ 1956லயும் வந்துச்சு. (அட்லஸ் தன்னோட கடைசி பெரிய ஆலைய 2020 ஜூன்ல மூடினப்ப, அது உலக சைக்கிள் தினமா வேற போச்சு. கொடுமை.) இந்தக் கருப்பு சைக்கிளுங்க எல்லாத்துக்கும் பொதுவான ஒண்ணு, பின் சக்கரத்து அச்சுல ரெண்டு பக்கமும் மாட்டி, மடக்கினா மட்கார்டுக்குப் பின்னாடி போய் க்ளிப்புல உக்காந்துக்குற அந்த இரும்பு ஸ்டாண்டு.

அதப் போடற விதத்த நினைச்சுப் பாருங்க. காலால க்ளிப்புல இருந்து தட்டி விடணும். ஸ்டாண்டோட அடிக்கம்பிய கால் கட்டைவிரலால மிதிச்சுக்கிட்டு, ஒரு கையில சீட்டையோ கேரியரையோ புடிச்சு சைக்கிள பின்னாடி இழுக்கணும். 'டக்'னு ஒரு சத்தம். பின் சக்கரம் தரையவிட்டு எழும்பிடும். இதுக்குள்ள ஒரு நல்ல சூட்சுமம் இருக்கு. பின்னாடி இழுக்கும்போது சக்கரத்து அச்சு, ஸ்டாண்டோட பாதத்துக்கு நேர் மேல வந்து, அதையும் கொஞ்சம் தாண்டிப் போய் நிக்குது. தாண்டினதுக்கு அப்புறம் வண்டியோட பாரமே ஸ்டாண்ட மடங்கவிடாது. இன்னும் பாரம் ஏத்தினா இன்னும் இறுகும். முன்னாடி ஒரு தள்ளு தள்ளினா அச்சு திரும்ப அந்த உச்சியத் தாண்டி இறங்கி, ஸ்டாண்டு தானா பின்னாடி போயிடும். ஒத்தக்கால் ஸ்டாண்டுக்கு ஒரு பக்கம்தான் தெம்பு. இது ரெண்டு காலு. ஒரு மூட்டை நெல்லோ, ரெண்டு பக்கமும் பால் கேனோ, நாலு குடம் தண்ணியோ, எது ஏத்தினாலும் நிமிர்ந்தே நிக்கும். எங்க பக்கம் பால்காரங்க கம்பெனி ஸ்டாண்ட நம்ப மாட்டாங்க. பட்டறையில கொடுத்து தடியான கம்பியில புதுசா அடிச்சு வாங்கிப்பாங்க.

இதுல இன்னொரு லாபம் யாரும் திட்டம் போடாம கிடைச்சது. பின் சக்கரம் தரையத் தொடாம இருக்கறதால நின்ன இடத்துலயே பெடல் மிதிக்கலாம். இந்த ஒரு சின்ன விஷயம் எவ்வளவு பேருக்கு சோறு போட்டிருக்கு தெரியுமா? "சாணை புடிக்கறதூ..."ன்னு தெருவுல குரல் கேக்குமே, அவர் ஒரு காலத்துல மரச்சட்டத்துல சக்கரத்த தோள்ல தூக்கிட்டு வந்தவர். சைக்கிள் வந்ததும் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்துல இருந்து சாணைக்கல்லுக்கு ஒரு பெல்ட்ட மாட்டி, சைக்கிள் மேலயே உக்காந்து மிதிச்சார். போக்குவரத்தும் அதே, பட்டறையும் அதே. சைடு ஸ்டாண்டுல இது நடக்குமா சொல்லுங்க?

நாங்க எல்லாம் முதல் முதல்ல பெடல் மிதிச்சதே ஸ்டாண்டு போட்ட சைக்கிள்லதான். அப்பா தூங்குற மத்தியான நேரத்துல சீட்டுல ஏறி உக்காந்துக்கிட்டு, கால் எட்டாம எட்டி மிதிச்சு, நின்ன இடத்துல இருந்தே சிதம்பரம் வரைக்கும் போயிட்டு வருவோம். டயனமோவ டயர்ல சாய்ச்சு வச்சு மிதிச்சா, கரண்ட் இல்லாத ராத்திரியில முன்னாடி இருக்கற லைட் எரியும். வேகமா மிதிச்சா வெள்ளையா, மெதுவா மிதிச்சா மஞ்சளா. சினிமா எல்லாம் அதுக்கு முன்னாடி பிச்சை வாங்கணும். குரங்கு பெடல், வாடகை சைக்கிள், முட்டி சிராய்ப்பு எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஸ்டாண்டே போடாத ஒரு கூட்டமும் இருந்துச்சு. ஊருக்குள்ள கூடாரம் அடிச்சு, ராத்திரி பகலா நாள் கணக்குல கீழ இறங்காம சைக்கிள் சுத்துவாங்களே, ஞாபகம் இருக்கா? குளிக்கறது, சாப்பிடறது எல்லாம் வண்டி மேலயே. ராத்திரியில ரெக்கார்டு டான்ஸ், டியூப்லைட் உடைக்கறது எல்லாம் உண்டு. கால் தரையில படக்கூடாதுங்கறதுதான் அவங்க பொழப்பே. வேடிக்கை பார்க்க வந்த எங்க சைக்கிளுங்க எல்லாம் வரிசையா ஸ்டாண்டு போட்டு நிக்கும். அவங்களோடது மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும்.

1990களோட ஆரம்பத்துல புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்துல பெண்கள் ஆயிரக்கணக்குல சைக்கிள் கத்துக்கிட்டது பெரிய வரலாறு. அப்ப கலெக்டரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத். பத்திரிகையாளர் சாய்நாத் அதப்பத்தி விரிவா எழுதியிருக்கார். லேடீஸ் சைக்கிளுக்கு தட்டுப்பாடு வந்ததால நிறைய பேர் ஜெண்ட்ஸ் சைக்கிள்லயே கத்துக்கிட்டாங்க. சில பேருக்கு அதுதான் பிடிச்சதும்கூட. ஏன்னா முன்னாடி பார்ல குழந்தைய உக்கார வைக்கலாம். எனக்கு இதப் படிக்கும்போது ஸ்டாண்டுதான் கண்ணுல பட்டுச்சு. பார்ல குழந்தை, கேரியர்ல விறகோ குடமோ, ஒத்த ஆளா இறங்கி வண்டிய நிறுத்தணும். பின் சக்கர ரெட்டைக்கால் ஸ்டாண்டு இல்லேன்னா எப்படி?

"ஸ்டாண்டு"ங்கற வார்த்தைக்கே நம்ம ஊர்ல ரெண்டு அர்த்தம் வந்துடுச்சு பாருங்க. வண்டியில இருக்கறதும் ஸ்டாண்டு, வண்டிய விடற இடமும் ஸ்டாண்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல கீத்துக் கொட்டகை போட்ட சைக்கிள் ஸ்டாண்டு. சீட்டுல சாக்பீஸ்ல நம்பர் எழுதி, அதே நம்பர் போட்ட டோக்கன் ஒண்ணு கையில கொடுப்பாங்க. ராத்திரி ஆட்டம் விட்டு வந்தா ஒரு முன்னூறு கருப்பு சைக்கிள்ல நம்மளது எதுன்னு தேடணும். எவனாவது அவசரத்துல இடிச்சான்னா, முதல் சைக்கிள் ரெண்டாவது மேல, ரெண்டாவது மூணாவது மேலன்னு வரிசையே சாஞ்சுக்கிட்டு போகும். அந்தச் சத்தம் இருக்கே!

இப்ப மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். ஆரம்ப கால மோட்டார் சைக்கிள்கள்லயும் நம்ம சைக்கிள்ல இருக்கற அதே பின் சக்கர ஸ்டாண்டுதான் இருந்துச்சு. சில இங்கிலீஷ் வண்டிங்கள்ல முன் மட்கார்டத் தாங்குற கம்பியையே கழட்டி இறக்கி, முன் சக்கரத்துக்கும் ஸ்டாண்டா வச்சுக்கலாம். அந்தக் காலத்து ரோட்டுல பஞ்சர் அடிக்கடி. ரோட்டோரத்துல சக்கரத்தக் கழட்டணும்னா வண்டி தானா நிக்கணுமே. எஞ்சின் பெருசாகி வண்டி கனத்த அப்புறம் பின் ஸ்டாண்டுல ஏத்தறது பயில்வான் வேலை ஆயிடுச்சு. அதனால ஸ்டாண்டு பின் அச்சுல இருந்து நகர்ந்து வண்டியோட நடுவயித்துக்கு வந்துச்சு. அதுதான் சென்டர் ஸ்டாண்டு.

1955ல மெட்ராஸ் மோட்டார்சும் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவ ஆரம்பிச்சு 350 புல்லட்ட இங்க பூட்ட ஆரம்பிச்சாங்க. புல்லட்ட சென்டர் ஸ்டாண்டு போடறவன்தான் ஆம்பளைன்னு ஒரு வெட்டி நம்பிக்கை எங்க ஊர்ல ரொம்ப நாள் ஓடிச்சு. உண்மையில அதுக்கு பலமே வேண்டாம். பழைய சைக்கிள் சூட்சுமம்தான். வண்டிய நேரா நிமிர்த்தி, ஸ்டாண்டோட ரெண்டு பாதமும் தரையத் தொடற வரைக்கும் காலால அழுத்தி, அப்புறம் மொத்த உடம்பு எடையையும் அந்தக் கால்ல இறக்கினா வண்டி தானா பின்னாடி உருண்டு ஏறிடும். கை வெறுமனே வழிகாட்டினா போதும். ரெண்டு பாதமும் தரையில படாம கையால தூக்கறவனுக்குத்தான் இடுப்பு பிடிக்கும்.

1972ல பஜாஜ் சேத்தக், 1980ல ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50, 1985ல ஹீரோ ஹோண்டா சிடி 100. எங்க பக்கம் நெய்வேலி சுரங்கத்துக்கு ஷிப்டுக்குப் போறவங்க ஒவ்வொருத்தரா சைக்கிள்ல இருந்து இதுக்கு மாறினாங்க. அவசரம் வந்துச்சு. அவசரத்தோட சைடு ஸ்டாண்டும் வந்துச்சு. ஒரு கால் தட்டு, வண்டி சாயுது, ஆளு கடைக்குள்ள போயாச்சு. நாம இடது பக்கம் போற நாடு. ஓரமா இடது பக்கம்தான் இறங்குவோம். ஸ்டாண்டும் அதே இடது பக்கம்.

வசதிதான், இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்கு விலை இருக்கு. சாஞ்சு நிக்கறதால பக்கத்துல ஒரு வண்டி நிக்கற இடத்த சேத்து அடைக்கும். அதனாலதான் டோக்கன் ஸ்டாண்டுக்காரர் "சென்டர் ஸ்டாண்டு போடுங்க சார்"னு கத்துறார். மொத்த பாரமும் ஒரு சின்ன பாதத்துல இறங்குறதால சித்திரை வெயில்ல தார் உருகினா அதுக்குள்ள இறங்கிடும், ஐப்பசி மழையில மண்ணுல புதைஞ்சிடும். எங்க ஊர்ல அதுக்குன்னே கொட்டாங்குச்சியோ தட்டைக்கல்லோ தேடி அடியில வைப்போம். வெல்டிங் கடையில ஒரு தகடு வச்சு பாதத்த அகலப்படுத்திக்கறவங்களும் உண்டு. இன்னொண்ணு, சரிவுல வண்டி முகம் பள்ளத்தப் பார்த்து நின்னா முன்னாடி உருண்டு சைடு ஸ்டாண்டு மடங்கிடும். மேட்டப் பார்த்து நிறுத்தணும், இல்ல முதல் கியர்ல போட்டு வைக்கணும். எஞ்சின் ஆயில் அளவு பார்க்கறதுக்கும் வண்டி நிமிர்ந்து இருக்கணும், சாஞ்சிருந்தா அளவு தப்பாத்தான் காட்டும். 2012ல வந்த கேடிஎம் ட்யூக் மாதிரி வண்டிங்கள்ல சென்டர் ஸ்டாண்டே கிடையாது. எடை குறையணுமாம், ஸ்டைலா இருக்கணுமாம். பஞ்சர் கடைக்காரரக் கேட்டுப் பாருங்க அந்த ஸ்டைலப் பத்தி.

இதெல்லாம் சின்ன விலை. பெரிய விலை ஒண்ணு இருக்கு.

எங்க சித்தப்பா சுரங்கத்துல வேலை பார்த்தவர். 1999, மழைக்காலம், ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு காலையில வர்றார். வழியில பீடி வாங்க ஒரு கடையில நிறுத்தியிருக்கார். திரும்ப எடுக்கும்போது ஸ்டாண்டு எடுக்க மறந்துட்டார். நேர் ரோட்டுல வண்டி நிமிர்ந்து ஓடற வரைக்கும் ஒண்ணும் ஆகாது, அதுதான் இதுல இருக்கற சூது. எங்க தெருவுக்கு இடது பக்கம் திரும்பணும். திரும்பற முனையில டீக்கடை. கடையில இருந்தவர் பார்த்துட்டு "அண்ணே, ஸ்டாண்டு!"ன்னு கத்தியிருக்கார். சித்தப்பாவுக்கு எஞ்சின் சத்தத்துல "அண்ணே" மட்டும்தான் கேட்டுச்சு. வணக்கம் சொல்றான்னு நினைச்சு, சிரிச்சுக்கிட்டே ஒரு கையத் தூக்கிக் காட்டியிருக்கார். அப்படியே இடது பக்கம் வண்டியச் சாய்ச்சார். ஸ்டாண்டு தரையில குத்தி, பின் சக்கரம் எழும்பி, ஆளு ரோட்டுல.

உயிர் தப்பிச்சார். ஆனா இடது முட்டி அதுக்கப்புறம் மடங்கவே இல்ல. சுரங்கத்துல இறங்கற வேலையும் போச்சு, லேசான வேலையா பார்த்துப் போட்டாங்க. "என் காலும் இப்ப சைடு ஸ்டாண்டு மாதிரிதாண்டா, நீட்டித்தான் வச்சிருக்கணும்"பார். நாங்க சிரிப்போம். சித்தி மட்டும் எழுந்து உள்ள போயிடுவாங்க.

இதுக்கு மருந்து இல்லாம இல்ல. முன்னாடி போகும்போது ஸ்டாண்டு தரையில பட்டா அது பின்னாடி மேல மடங்கற மாதிரிதான் இருக்கணும்னு அமெரிக்காவுல 1974லயே விதி வந்தாச்சு. அதுக்கு அடுத்த படி, ஸ்டாண்டு கீழ இருந்தா எஞ்சினே ஓடாதபடி செய்யற சுவிட்ச். வெளிநாட்டு வண்டிங்கள்ல ரொம்ப நாளாவே இருக்கு. 2019ல ஹோண்டா ஆக்டிவா 125 பிஎஸ்6ல அது வந்தப்ப நம்ம சாதாரண ஜனங்க வரைக்கும் வந்துச்சு. அதுக்கப்புறம் பல கம்பெனி வண்டிங்கள்லயும் வந்துடுச்சு. நம்ம ஊர் மெக்கானிக்கல் பசங்க இதுக்கு முன்னாடியே ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுனா "தானா மடங்கும் சைடு ஸ்டாண்டு"ன்னு ஒண்ணு செஞ்சு காட்டிக்கிட்டுதான் இருந்தாங்க. சங்கிலி சுத்தினா ஒரு பல்சக்கரம் ஸ்டாண்டத் தூக்கி விடும். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் "இதையேதான் போன வருஷமும் ஒருத்தன் செஞ்சான்"னு அலுத்துப்பார். நானும் அந்த ஜோக்குக்கு சிரிச்சவன்தான். இப்ப சிரிப்பு வரல. வருஷா வருஷம் ஏதோ ஒரு ஊர்ல ஒரு பையன் இதையே எடுக்கறான்னா, அவன் வீட்லயும் ஒரு சித்தப்பா இருந்திருப்பாரோ என்னவோ.

என் வண்டி பழசு, சுவிட்ச் கிடையாது. எங்க தெருவுல நிக்கற பாதி வண்டிக்குக் கிடையாது. இந்த வண்டிங்களுக்கெல்லாம் இருக்கற ஒரே பாதுகாப்பு, எதிர்ல வர்ற முகம் தெரியாத ஆளுதான்.

சித்தப்பா ரிட்டயர் ஆன அப்புறம் அதே டீக்கடை பெஞ்சுலதான் காலையில உக்காந்திருப்பார், காலை நீட்டிக்கிட்டு. ஸ்டாண்டு எடுக்காத வண்டி வந்தா கத்த மாட்டார். "கத்தினா கேக்காதுடா. கேட்டாலும் தப்பா கேக்கும்"பார். கைய நீட்டி, விரல கீழேர்ந்து மேல ரெண்டு தடவ மடக்குவார். அவ்வளவுதான். எல்லாருக்கும் புரிஞ்சிடும். 2016ல அவர் போயிட்டார்.

பெரூயே, ஹெண்டர்சன், ட்ரீன்னு ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் ஒரு பேரு இருக்கு. இந்த விரல் சைகைய கண்டுபிடிச்சவர் பேரு எங்கயும் இல்ல. போன வாரம் எனக்குக் காட்டிட்டுப் போன பையன் சித்தப்பாவப் பார்த்திருக்கக்கூட மாட்டான். இருந்தாலும் நான் பதிலுக்கு ஒரு கையத் தூக்கிக் காட்டினேன். ஸ்டாண்ட எடுத்து விட்டதுக்கு அப்புறம்தான்.

உங்க ஊர்ல இதுக்கு என்ன சைகைன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே.